ஆய்வேட்டுக்கு அருகில் ஒரு நூல்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பெற்ற உரை)



தென்காசியிலிருந்து குற்றாலம் மூன்று கல் தொலைவு. அந்த மூன்று கல்லுக்கு இடையில்தான் மேலகரம் இருக்கிறது. குற்றாலக் குறவஞ்சியைப் பாடிய திரிகூடராசப்பக் கவிராயரின் ஊர் அது. அருவிக்குச் செல்வோர் பலரும் அவ்வூரைக் கடந்து செல்கின்றனர். இறங்கிப் பார்ப்போர் சிலரே. ஆய்வு மாணவர்களின் நிலையும் ஏறத்தாழ இதுதான். அவர்கள் சென்று சேர வேண்டிய இடம் ஒன்று உண்டு. அதற்குப் பதிவு நாளும் உண்டு, இறுதி நாளும் உண்டு. வழியில் உள்ள ஊர்களில் இறங்க அவர்களுக்கு நேரம் வாய்ப்பதில்லை. முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்யும் மாணவர் ஒருவர், தம் ஆய்வுக்கு நேரே தேவைப்படாத நூல்களையும் படிக்கலாமா, படித்தால் பெறுவது என்ன, இழப்பது என்ன என்பதே இவ்வுரையின் பொருள்.

கவிஞர்கள் கூடியுள்ள அவையில் ஆய்வேட்டைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். கவிஞர்களுக்கும் ஆய்வாளர்களுக்கும் இடையே நெடுங்காலமாக ஒரு மனத்தாங்கல் உண்டு. ஆய்வாளர் பாட்டை எண்ணுவார், சுவைக்க மாட்டார் என்பது கவிஞர் கூறும் குறை. கவிஞர் சுவைப்பார், சான்று கேட்டால் சினங்கொள்வார் என்பது ஆய்வாளர் கூறும் குறை. இரண்டிலும் உண்மை உண்டு. இந்த வழக்கு இப்பகுதிக்குப் புதியதுமன்று.

ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார் சட்டம் பயின்றவர். அறநிலையத் துறையில் ஆணையராக இருந்தவர். தமிழாசிரியராகவோ ஆய்வாளராகவோ தொழில் செய்தவரல்லர். திருநெல்வேலியில் அவர் வீட்டில் கூடிய வட்டத்தொட்டியும், பின்னர் அவர் குற்றாலத்தில் வாழ்ந்த ஆண்டுகளில் அங்கே திரண்ட நண்பர் குழாமும் ஒரு தலைமுறைக்குக் கம்பனைப் படிக்கக் கற்பித்தன. பாட்டைக் கண்ணால் படித்தால் போதாது, வாயால் சொல்லிக் காதால் கேட்க வேண்டும் என்பது அவர் காட்டிய நெறி. எனினும், கம்பன் பாடல்களுள் தம் சுவைக்கு ஒவ்வாதனவற்றை இடைச்செருகல் என ஒதுக்கியும், சில இடங்களில் சொற்களைத் திருத்தியும் அவர் வெளியிட்டபோது, ஏட்டுச் சான்று எங்கே என்று புலவர்கள் கேட்டனர். அது நியாயமான கேள்விதான். 1954இல் அவர் மறைந்த பின்னும் அக்கேள்வி ஓயவில்லை. சுவை மட்டும் போதுமா? சான்று மட்டும் போதுமா? இவ்வினாவுக்குரிய நல்ல விடையொன்று, குற்றாலத்துக்கு வெகு தொலைவில், ஒரு நூலகத்தின் நிலத்தடித் தளத்தில், ஓர் ஆய்வு மாணவரின் கைக்கு வந்து சேர்ந்தது.

அந்த மாணவர் ஏ. கே. இராமானுஜன். 1929இல் மைசூரில் பிறந்தவர். தந்தையார் கணிதப் பேராசிரியர். வீட்டின் கீழ்த்தளத்தில் தாயாரோடு தமிழ், தெருவில் கன்னடம், மாடியில் தந்தையாரின் அறையில் ஆங்கிலம் என்று மூன்று மொழிகளுக்கிடையே வளர்ந்தார். ஆங்கில இலக்கியத்தில் முதுகலைப் பட்டம் பெற்றபின் கொல்லம், மதுரை, பெல்காம், பரோடா ஆகிய ஊர்களின் கல்லூரிகளில் ஆங்கிலம் கற்பித்தார். இவற்றுள் கொல்லம், செங்கோட்டைக் கணவாயைக் கடந்தால் வந்துவிடும் ஊர். 1959இல் அமெரிக்கா சென்று இந்தியானாப் பல்கலைக்கழகத்தில் மொழியியல் ஆய்வு மாணவரானார். எடுத்துக்கொண்ட பொருள் தமிழ்மொழியின் ஆக்கமுறை இலக்கணம். அப்போது புதிதாக எழுந்திருந்த மொழியியல் கோட்பாட்டைத் தாய்மொழியின்மேல் வைத்துப் பார்க்கும் ஆய்வு அது. 1963இல் அதற்கு முனைவர் பட்டம் கிடைத்தது.

பட்டம் கிடைப்பதற்கு முந்திய ஆண்டில் நிகழ்ந்ததுதான் இங்கே முக்கியமானது. 1962இல் அவர் சிகாகோப் பல்கலைக்கழகத்துக்கு வந்துவிட்டார். வந்த புதிதில் ஒரு சனிக்கிழமை, அங்குள்ள ஹார்ப்பர் நூலகத்தின் நிலத்தடித் தளத்துக்கு இறங்கினார். அவர் தேடிச் சென்றது பழந்தமிழுக்குரிய எளிய இலக்கண நூல் ஒன்றை. மைசூரில் வளர்ந்தவருக்குப் பழந்தமிழ் கற்கும் வாய்ப்பு வாய்க்கவில்லை. தமிழ் இலக்கணத்தை ஆராயும் மாணவருக்கு அது ஒரு குறை. இலக்கணத்தைத் தேடிய கைக்கு அகப்பட்டது 1937இல் உ. வே. சாமிநாதையர் பதிப்பித்த குறுந்தொகை. அடுக்குகளுக்கிடையே தரையில் அமர்ந்து படிக்கத் தொடங்கினார். பாட்டு உடனே விளங்கவில்லை, உரை விளங்கியது. உரையின் வழியே பாட்டின் கதவு திறந்தது. பின்னாளில் தம் மொழிபெயர்ப்பு நூலொன்றில் அவரே இதைப் பதிவு செய்துள்ளார். தன் மரபு என்பது பிறப்பினாலேயே ஒருவருக்கு உடைமையாகிவிடாது, உழைத்து மீட்டுக்கொள்ள வேண்டியது என்னும் கருத்தையும் அங்கே அவர் எழுதினார்.

இதைத் தற்செயல் என்று கூறிவிட்டுக் கடந்து போவது எளிது. ஆனால் அந்த நூலும் தற்செயலாக அங்கே வந்துவிடவில்லை. அந்த உரையும் தற்செயலாக விளங்கிவிடவில்லை. குறுந்தொகை, கடவுள் வாழ்த்து நீங்கலாக 401 பாடல்கள் கொண்டது. பெரும்பாலும் நான்கடி முதல் எட்டடி வரை உள்ள சிறு பாடல்கள். இதற்குப் பேராசிரியரும் நச்சினார்க்கினியரும் எழுதியதாகக் கூறப்படும் பழைய உரை கிடைக்கவில்லை. சௌரிப்பெருமாள் அரங்கனார் 1915இல் முதன்முதலாக இந்நூலை உரையோடு அச்சிட்டார். அதன்பின் பல சுவடிகளை ஒப்பு நோக்கி, பதவுரை, முடிபு, கருத்து, விளக்கம், மேற்கோளாட்சி, ஒப்புமைப் பகுதி என்று பகுத்து ஐயர் தம் பதிப்பை வெளியிட்டபோது அவருக்கு வயது 82. அந்த முதிய வயதில், பண்டிதர்க்கு மட்டுமே விளங்கும் நடையை அவர் கைக்கொள்ளவில்லை. பள்ளி மாணவனும் பின்தொடரக்கூடிய உரைநடையில் எழுதினார். இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின், கடல் கடந்த நாட்டில், பழந்தமிழ் அறியாத ஒரு தமிழர் அந்த உரையைப் பிடித்துக்கொண்டு பாட்டுக்குள் நுழைந்தார் என்றால், அந்த நுழைவாயிலைக் கட்டியது ஐயரின் ஆய்வு உழைப்பே. சான்றைத் தேடிய ஒருவரின் உழைப்பே மற்றொருவருக்குச் சுவையைத் தந்தது.

அந்த உழைப்பு எத்தகைய இழப்புகளுக்கு இடையே நடந்தது என்பதற்கு இப்பகுதியே சான்று. சங்கரன்கோயிலுக்கு அருகிலுள்ள கரிவலம்வந்தநல்லூர் 2019 முதல் தென்காசி மாவட்டத்தைச் சேர்ந்தது. பாண்டியர் தொகுத்து வைத்த சுவடிகள் அவ்வூர்க் கோயிலில் உள்ளன எனக் கேட்டு ஐயர் ஆவலோடு அங்கே சென்றார். பழுதுபட்ட ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமத் தீயில் இட்டுவிட்டதாக அங்கே அவருக்குச் சொல்லப்பட்டது. எந்தெந்த நூல்கள் அத்தீயில் போயின என்பதை இனி எவரும் கூற இயலாது. ஒரு நூல் நூலக அடுக்கில் நிற்பதை இயல்பானது என்றே ஆய்வு மாணவர்கள் கருதுகின்றனர். கரிவலம்வந்தநல்லூரை நினைத்தால், நின்றுகொண்டிருக்கும் ஒவ்வொரு நூலும் தீயிலிருந்து தப்பி வந்தது என்பது விளங்கும்.

ஐயரின் வாழ்விலும் இத்தகைய திருப்பம் ஒன்று உண்டு. 1880ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள். கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த அவர், அவ்வூருக்கு மாற்றலாகி வந்த முன்சீப் சேலம் இராமசுவாமி முதலியாரைக் காணச் சென்றார். என்னென்ன நூல்கள் படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்டார். அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், புராணம் என்று ஐயர் நீண்ட பட்டியலொன்றைச் சொன்னார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயின்றவர். பட்டியல் சிறிதாக இராது. முதலியார் வியக்கவில்லை. இவற்றுக்கெல்லாம் மூலமான பழைய நூல்களைப் படித்ததுண்டா என்று கேட்டுச் சீவக சிந்தாமணியைக் காட்டினார். ஏழாண்டுகள் கழித்து, 1887இல், சிந்தாமணி அச்சில் வந்தது. தமிழ் பயிற்றுவிப்பதைத் தொழிலாகக் கொள்ளாத நீதித்துறை அலுவலர் ஒருவரே, தமிழாசிரியர் ஒருவருக்கு அவருடைய பாடத்திட்டத்தில் இல்லாத நூலைக் காட்டினார். பாடத்திட்டத்துக்கு வெளியே நிற்கும் நூலைப் பெரும்பாலும் துறைக்கு வெளியே நிற்பவரே கொண்டுவந்து தருகிறார். இலக்கிய வட்டங்கள் எதற்கு என்று கேட்போருக்கு இதைவிடச் சிறந்த விடை கிடைப்பது அரிது.

சிகாகோவுக்குத் திரும்பலாம். தரையில் அமர்ந்து படித்த அந்த மாணவர் ஆய்வேட்டைக் கைவிடவில்லை. மறு ஆண்டே முடித்துக் கொடுத்தார். குறுந்தொகைப் பாடல்களையும் கைவிடவில்லை. 1967இல் அப்பாடல்களின் ஆங்கில மொழிபெயர்ப்பு, அகத்திணை மரபை விளக்கும் நீண்ட பின்னுரையோடு, அவர் ஆய்வு மாணவராக இருந்த அதே இந்தியானாப் பல்கலைக்கழகத்தின் பதிப்பகத்திலிருந்து வெளிவந்தது. 1985இல் அகமும் புறமும் அடங்கிய பெருந்தொகுப்பு வந்தது. இடையே 1981இல், பொருநைக் கரையில் தோன்றிய நம்மாழ்வாரின் பாசுரங்களையும் மொழிபெயர்த்து வெளியிட்டார். அவருடைய ஆய்வேட்டை இன்று தேடிப் படிப்போர் மொழியியலாருள்ளும் சிலரே. அவர் ஆய்வுக்கு வெளியே படித்த நூலோ சங்கப் பாட்டை உலகின் கவிதை வாசகர்களிடம் கொண்டு சேர்த்தது. செம்புலப்பெயல்நீரார் என்று தம் உவமையாலேயே பெயர் பெற்ற குறுந்தொகைப் புலவரின் அவ்வுவமை, இராமானுஜனின் ஆங்கில வடிவத்தின் வழியே, 1995இல் விக்ரம் சந்திரா எழுதிய ஆங்கிலப் புதினத்துக்குத் தலைப்பாகவும் அமைந்தது.

இதுவரை கேட்டோர், ஆய்வேடு வீண், துணைநூலே பயன் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. உண்மை அதற்கு நேர்மாறானது. தமிழ்த் தொடரில் அடை முன்னே வரும், பெயர் பின்னே வரும், முடிக்கும் வினை இறுதியில் நிற்கும். ஆங்கிலத் தொடரோ பெரும்பாலும் இதன் தலைகீழ். சங்கப் பாட்டில் ஓர் உவமையும் கருப்பொருளும் அடைமேல் அடையாக வளர்ந்து, கடைசியில்தான் தலைவியின் நெஞ்சை வந்தடையும். இந்த வைப்புமுறை குலையாமல் ஆங்கிலத்துக்கு எவ்வாறு கொண்டு செல்வது என்பதே மொழிபெயர்ப்பாளருக்குப் பெருஞ்சிக்கல். இராமானுஜன் அடிகளை உடைத்தும் உள்ளே தள்ளியும் படிப்படியாக இறக்கியும் அமைத்தது, பார்வைக்கு அழகாக இருக்கும் என்பதற்காக அன்று. தொடரமைப்பை எலும்பு எலும்பாக அறிந்திருந்ததனால். அந்த அறிவை அவருக்குத் தந்தது ஆய்வேடு. அவருடைய மொழிபெயர்ப்பில் குறை காண்போரும் உண்டு. அவர்களும் அவர் தமிழ்த் தொடரை அறியாதவர் என்று கூறுவதில்லை. இலக்கணம் படித்த கண் பாட்டைக் கண்டது; பாட்டைக் கண்டபின் இலக்கணம் உயிர்பெற்றது. இரண்டும் ஒரே மேசையில் இருந்தன.

துணைநூலே ஆய்வுக்குள் வந்து அதன் போக்கை மாற்றிய வரலாறும் உண்டு. இலங்கைப் பேராசிரியர் க. கைலாசபதி 1960களில் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் சங்கப் பாடல்களை ஆராயச் சென்றார். அவருடைய நெறியாளர் ஜார்ஜ் தாம்சன் தமிழறிஞரல்லர், கிரேக்க அறிஞர். அந்தத் தாம்சனோ இளமையில் அயர்லாந்தின் மேற்குக் கரையோரத்துப் பிளாஸ்கெட் தீவுக்குச் சென்று, மீனவர்களிடம் ஐரிஷ் மொழியைக் கற்றவர். ஹோமரின் கவிதையில் தாம் படித்ததன் உயிர்ப்பை அம்மக்களின் பேச்சில் கண்டவர். அமெரிக்கரான மில்மன் பாரி 1930களில் யூகோஸ்லாவியப் பாணர்களின் பாடல்களைப் பதிவு செய்ததும், அவர் மாணவர் ஆல்பர்ட் லார்டு 1960இல் அதனை விளக்கி நூலெழுதியதும் கைலாசபதிக்குப் பயன்பட்டன. இவற்றுள் எதுவும் தமிழ்த் துறையின் பாடநூலன்று. ஆயினும் இவற்றைப் படித்த கண்ணோடு புறநானூற்றைப் பார்த்தபோது, திரும்பத் திரும்ப வரும் சொற்றொடர்களில் பாணர்களின் வாய்மொழி மரபு அவருக்குத் தெரிந்தது. 1968இல் ஆக்ஸ்போர்டு வெளியிட்ட அந்நூலின் முடிவுகளை ஏற்காதோர் உளர். அந்நூலுக்குப் பின் சங்கப் பாட்டை ஆராய்வோர் அக்கேள்வியைக் கேளாமல் கடந்துசெல்ல இயலவில்லை என்பதே அதன் வெற்றி.

இனி, இன்றைய மாணவரைப் பார்ப்போம். நெல்லைச் சீமையின் ஒரு சிற்றூரிலிருந்து, குடும்பத்தில் முதல் பட்டதாரியாக, ஒருவர் ஆய்வுக்கு வருகிறார். பகலில் வகுப்பெடுக்கிறார், இரவில் எழுதுகிறார். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிமுறைப்படி, குறைந்தது மூன்றாண்டு, மிகுந்தால் ஆறாண்டு அவருக்கு உண்டு. அந்த ஆண்டுகளுக்குள் ஆய்வேடு முடிய வேண்டும். முடியாவிட்டால் வீட்டாரின் முகத்தைப் பார்க்க இயலாது. அவரிடம் சென்று, ஆய்வுக்குத் தேவைப்படாத நூல்களையும் படியுங்கள் என்று கூறுவது வயிறு நிறைந்தவர் கூறும் அறிவுரையாகத் தோன்றக்கூடும். இந்த எதிர்ப்பு வலுவானது, புறக்கணிக்கத்தக்கதன்று. துணைநூல் சில வேளைகளில் தப்பியோடும் வழியாகவும் ஆகிவிடுகிறது. எழுத வேண்டிய இயலை எழுத அஞ்சி, மற்றொரு நூலுக்குள் ஒளிந்துகொள்வோர் உண்டு. ஆகவே அளவு வேண்டும். இராமானுஜன் வேலைநாளில் அன்று, ஒரு சனிக்கிழமையில்தான் அந்த நூலகத்தில் இருந்தார் என்பதை மறக்கலாகாது.

அளவு சிறிதாக இருக்கட்டும். நூல் ஒன்றாகவே இருக்கட்டும். புதினம் பற்றி ஆய்பவர் குறுந்தொகையை நாளுக்கு ஒரு பாடலாகப் படித்தால், ஓராண்டும் சில வாரங்களும் போதும். சங்க இலக்கியம் ஆய்பவர் மலைச்செடிகளைப் பற்றிய ஒரு நூலைப் படித்துவிட்டுக் குற்றாலத்துக் காட்டில் நடந்தால், குறிஞ்சி என்பது உரையாசிரியர் தந்த சொல்லாக மட்டும் நில்லாது. எதை ஆய்பவரும் தம் ஊரின் தலபுராணத்தையோ கல்வெட்டுத் தொகுதியையோ ஒருமுறை படித்து வைக்கலாம். பயன் என்றைக்கு வரும் என்று முன்கூட்டிக் கூற இயலாது. முன்கூட்டிக் கூற இயன்றால் அது துணைநூலன்று, பாடநூல்.

நூல் கிடைக்கவில்லை என்னும் குறை முன்போல் இன்று இல்லை. செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா வாழ்நாளெல்லாம் சேர்த்த நூல்களும் இதழ்களும், அதே சிகாகோப் பல்கலைக்கழகத்தின் துணையோடு, 1994இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயின. ஐயரின் பெயரால் 1943இல் அமைந்த நூலகமும் சென்னையில் உள்ளது. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் பழைய நூல்களைக் கணினித் திரைக்குக் கொண்டுவந்தது. கிடைப்பதற்கரியது இன்று நூலன்று. நூலுக்கருகில் அமரும் ஒரு சனிக்கிழமை.

கவிஞர்களுக்கும் ஒரு சொல். துணைநூல் ஆய்வு மாணவருக்கு மட்டும் உரியதன்று. ஆய்வு மாணவருக்கு அருகில் ஒரு கவிதை நூல் இருக்க வேண்டுமென்றால், கவிஞருக்கு அருகில் ஓர் ஆய்வு நூல் இருப்பதே முறை. தொல்காப்பியப் பொருளதிகாரத்துக்கு இளம்பூரணர் உரையோ, ஐயரின் பதிப்பு முகவுரை ஒன்றோ, ஒரு சொல்லின் வரலாறு கூறும் கட்டுரையோ எதுவாயினும் ஆகலாம். டி.கே.சி.யின் சுவையும் ஐயரின் சான்றும் எதிரெதிர்க் கட்சிகள் என்று எண்ணியது ஒரு காலம். இரண்டும் ஒரே மனத்தில் கூடி வாழக்கூடும் என்பதை, வீட்டில் பேசிய தமிழை மட்டுமே மூலதனமாகக் கொண்டு சென்ற ஓர் ஆய்வு மாணவர் மெய்ப்பித்துக் காட்டினார். 1993இல் அவர் சிகாகோவில் காலமானார். அவர் தரையில் அமர்ந்து விரித்த நூலை எழுதியவர் அதற்கு 51 ஆண்டுகளுக்கு முன்பே மறைந்துவிட்டார். இருவரும் ஒருவரையொருவர் கண்டதில்லை. ஒரு புத்தகம் போதுமானதாக இருந்தது.

பத்தாண்டுகள் நிறைந்த இவ்வட்டத்துக்கு ஆய்வு மாணவர் ஒருவர் வந்து, ஓரமாக அமர்ந்து, பேசாமல் எழுந்து போகக்கூடும். அவர் போகும்போது அவர் கேளாத ஒரு நூலை அவர் கையில் கொடுத்து அனுப்புவதைக் காட்டிலும் பெரிய பணி ஓர் இலக்கிய வட்டத்துக்கு இல்லை. 1880இல் கும்பகோணத்தில் ஒரு முன்சீப் செய்தது அதுதான்.